கண்டதும் பெயரிட்டதும்

பறக்கும் தட்டைத் தட்டு வடிவில் முதலில் யாரும் பார்க்கவில்லை. 1947 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ரெய்னியர் மலைக்கு அருகே தன் சிறு விமானத்தில் போய்க்கொண்டிருந்த கென்னத் ஆர்னால்ட் என்ற வியாபாரி, வரிசையாக விரைந்து செல்லும் ஒன்பது பளபளக்கும் பொருள்களைக் கண்டார். தரையிறங்கியபின் பத்திரிகைக்காரர்களிடம் அவை சென்ற விதத்தை விளக்கினார். நீர்ப்பரப்பில் வீசிய சாஸர் தத்தித் தத்திப் போவதைப் போலப் போயின என்றார். அவர் சொன்னது அசைவைப் பற்றி. உருவம் என்று ராணுவத்துக்கு அவர் வரைந்து கொடுத்தது, முன்னால் வளைந்து பின்னால் குறுகிய, செருப்பின் குதிப்பகுதியை ஒத்த ஒன்று. பத்திரிகைகள் அசைவை உதறிவிட்டுச் சாஸரை மட்டும் வைத்துக்கொண்டன. அடுத்த சில வாரங்களில் அமெரிக்கா எங்கும் வானத்தில் சாஸர்கள் தென்பட்டன. வட்டமானவை, தட்டையானவை, நடுவில் குமிழ் வைத்தவை. நாமும் நம் பங்குக்கு அதைத் ‘தட்டு’ என்று மொழிபெயர்த்துக்கொண்டோம்.

உவமையைப் பற்றி நம் வட்டத்தில் நிறையப் பேசியாகிவிட்டது. படிமத்தைப் பற்றி அதைவிட அதிகம். உவமானம் உவமேயத்தைத் தின்றுவிட்டுத் தானே ஊர்வலம் கிளம்பிய சம்பவம், இப்படித் தேதியும் இடமும் சாட்சியின் பெயருமாகச் சிக்குவது அபூர்வம். ஆர்னால்ட் கண்டது எது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. கானல் தோற்றம் என்பவர் உண்டு, பறவைக் கூட்டம் என்பவரும் உண்டு. ஆனால் அவருக்குப் பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் கண்ட வட்டத் தட்டுகளுக்கு முன்னோடி வானத்தில் இல்லை, ஒரு செய்தித் தலைப்பில்தான் இருந்தது.

வேற்றுலகத்தார் வந்து போகிறார்களா என்பது இங்கே பிரச்னை இல்லை. அமெரிக்க விமானப்படை 1947 முதல் 1969 வரை திரட்டிய புகார்கள் 12,618. அவற்றில் விளக்கம் கிடைக்காமல் விட்டவை 701. இந்த 701-ஐ வைத்து நூலகம் நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு அக்கறை மற்ற பதினோராயிரத்துச் சொச்சத்தில். வெள்ளி, வியாழன், எரிகல், பனிப்படிகத்தில் உடைந்த வெயில், விமானம், பலூன் என்று விளக்கப்பட்டு, கோப்பு மூடப்பட்டு, அத்துடன் மறக்கப்பட்டவை அவை. அந்தச் சாட்சிகள் பொய்யர்கள் அல்ல. குடித்திருக்கவும் இல்லை. அவர்கள் கண்டது இருந்தது. கண்டதற்கும் சொன்னதற்கும் நடுவே எங்கே அது கைமாறியது என்பதுதான் கேள்வி.

இந்தக் கைமாற்றம் 1947-ல் ஆரம்பித்தது அல்ல. நானூறு வருஷங்களுக்கு முந்திய இரண்டு ஏப்ரல் காலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

1535 ஏப்ரல் 20. ஸ்டாக்ஹோம் நகரத்து வானத்தில் சூரியன் பலவாகத் தெரிந்தது. வெள்ளை வளையங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வானம் முழுக்கப் பரவின. ஒலாவுஸ் பெட்ரி என்ற மதச்சீர்திருத்தப் போதகர் அதை ஓவியமாக வரையச் செய்து நகரத்தின் பெரிய தேவாலயத்தில் மாட்டினார். அசல் ஓவியம் தொலைந்துவிட்டது. 1636-ல் எல்ப்ஃபாஸ் என்ற ஓவியர் எடுத்த பிரதிதான் இன்று அந்தத் தேவாலயத்தில் இருக்கிறது. கீழே சிறு நகரம், அதன் கூரைகள், கோபுரம், சுற்றிலும் நீர். மேலே வானத்தை அடைத்துக்கொண்டு வளையங்கள். தேவதை இல்லை, வாள் இல்லை, சிலுவை இல்லை. சூரியனுக்கு முகம்கூட வரையவில்லை. அந்த நூற்றாண்டின் வானப் படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த இல்லாமை திகைப்பாக இருக்கும்.

இன்று அந்தப் படத்தின் முன் நிற்கும் வானிலை விஞ்ஞானி வளையங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்ட முடிகிறது. உயரத்தில் மெல்லிய மேகத்தில் தண்ணீர் அறுகோணப் படிகங்களாக உறைந்திருக்கிறது. ஒரு பக்கத்தில் நுழைந்து ஒன்றுவிட்ட பக்கத்தில் வெளியேறும் ஒளி குறைந்தபட்சம் 22 பாகை திரும்புகிறது. அதனால் சூரியனைச் சுற்றி 22 பாகையில் ஒரு பரிவேடம். படிகங்கள் தகடுகளாக இருந்து, உதிரும் இலைபோலப் படுக்கைவாக்கில் இறங்கினால் ஒளி முழுக்க இரண்டு பக்கமும் குவிந்து, சூரியனின் இடமும் வலமும் பொய்ச்சூரியன்கள் முளைக்கின்றன. படிகங்களின் செங்குத்துப் பக்கங்களில் பட்டுத் திரும்பும் ஒளி, சூரியனின் உயரத்திலேயே அடிவானத்துக்கு இணையாக ஒரு வெள்ளை வளையத்தை வரைகிறது. உச்சிக்கு அருகே வானவில் துண்டுபோல ஒரு பிறை. ஸ்டாக்ஹோம் ஓவியத்தில் இவை எல்லாமே இருக்கின்றன. இடங்கள் கொஞ்சம் பிசகியிருக்கின்றன. அரைக்கோள வானத்தைத் தட்டைப் பலகையில் அடக்கும்போது அது தவிர்க்க முடியாதது. தான் வரைவது எது என்று ஓவியனுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த எதையாவது போல ஆக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அவனுக்கு இருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஓவியன் சும்மா விட்டதை நகரம் சும்மா விடவில்லை. பல சூரியன் என்றால் பல அரசன். யார் ராஜ்யத்துக்கு ஆபத்து? மன்னன் குஸ்தாவ் வாஸாவுக்கும் போதகருக்கும் ஏற்கனவே உறவு கசந்திருந்தது. ஓவியம் மன்னனுக்கு எதிரான குறி என்று வாசிக்கப்பட்டது. 1539 கடைசியில் தொடங்கிய விசாரணையில் பெட்ரிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அபராதத்தோடு மன்னிக்கப்பட்டது. பிரதானக் குற்றச்சாட்டு வேறு: மன்னனைக் கொல்லும் சதி ஒன்று பாவமன்னிப்பில் தெரியவந்தும் அவர் வெளியே சொல்லவில்லை என்பது. ஆனால் அந்தப் பொய்ச்சூரியன்களும் வழக்கில் வந்து நின்றன. இத்தனைக்கும் வானத்துக் குறி எல்லாமே கடவுளிடமிருந்து வருவதல்ல, எச்சரிக்கை வேண்டும் என்று போதித்தவர் பெட்ரி.

இரண்டாவது காலை 1561 ஏப்ரல் 14. ஜெர்மனியில் நூர்ன்பெர்க். படம் அச்சிட்டு விற்கும் ஹான்ஸ் கிளாஸர் ஒரு தனித்தாள் வெளியிட்டார். மேலே மரச்செதுக்குப் படம், கீழே விவரணை. விடியலில் சூரியனருகே ரத்தச் சிவப்பில் பிறை வடிவ வளைவுகள் தோன்றின. பிறகு உருண்டைகள், சிலுவைகள், நீண்ட குழாய்கள், குழாய்களுக்குள்ளும் உருண்டைகள். எல்லாம் ஒன்றோடொன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் சண்டையிட்டன. பிறகு களைத்து, தீப்பற்றியவை போலப் பூமியில் விழுந்து புகைந்து மறைந்தன. கடைசியில் கருத்த பெரிய ஈட்டி ஒன்று. முடிவில், கடவுள் எச்சரிக்கிறார், மனம் திரும்புங்கள் என்ற உபதேசம். இந்தத் தாள் ஸூரிக் நூலகத்தில், அதே நூற்றாண்டில் விக் என்ற பாதிரியார் சேர்த்துவைத்த அதிசயச் செய்திகளின் தொகுப்பில் இருக்கிறது.

இதற்கும் பனிப்படிகம்தான் காரணம் என்பது இன்று பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். பிறைகள் பரிவேடத்தின் துண்டுகளாக இருக்கலாம். கிழக்கில் சூரியன் எழும்போது செங்குத்தாக நிற்கும் ஒளித்தூணை வெள்ளை வளையம் குறுக்கே வெட்டினால் சிலுவை தெரியும். உருண்டைகளில் இரண்டு பொய்ச்சூரியன்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற உருண்டைகளை என்ன செய்வது? ஈட்டியை? விளக்கம் அங்கே நின்றுவிடுகிறது. குறை விஞ்ஞானத்துடையது அல்ல, சாட்சியுடையது. கிளாஸர் ‘சண்டை’ என்ற சொல்லில் தொடங்கிவிட்டார். அந்தச் சொல் வந்ததும் எதிர் எதிர் அணிகள் வந்தன. அணிகளுக்கு ஆயுதம் வந்தது, ஆயுதத்துக்கு மடிதல் வந்தது, மடிந்ததற்குப் புகை வந்தது. ஒரு சொல் தன் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. அந்தக் காலையில் வானத்தில் இருந்தது எது, சொல்லோடு வந்தது எது என்று பிரித்தெடுக்க இப்போது வழியில்லை. ஸ்டாக்ஹோம் ஓவியனின் வானத்தை நாம் நானூற்றுத் தொண்ணூறு வருஷங்கள் கழித்தும் படிக்க முடிகிறது. அவனுக்கு இருபத்தாறு வருஷம் பிந்திய கிளாஸரின் வானம் தொலைந்துவிட்டது.

தொலைந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் குடியேறலாம். குழாய்களைத் தாய்க்கப்பல் என்றும் உருண்டைகளை அதிலிருந்து புறப்பட்ட விண்கலங்கள் என்றும் எழுதுகிறவர்கள், அந்தத் தாளைப் பதினாறாம் நூற்றாண்டின் வான்போர்ப் புகைப்படமாகவே ஆக்கிவிட்டார்கள். அவர்களாவது போகட்டும். கார்ல் யுங் 1958-ல், தன் எண்பத்துச் சொச்சம் வயதில், பறக்கும் தட்டுகளைப் பற்றி எழுதிய நூலில் இந்த நூர்ன்பெர்க் தாளையும், சூரியனுக்கு முன் கருப்புப் பந்துகளைக் கண்டதாகச் சொல்லும் 1566-ஆம் வருஷத்துப் பாஸல் தாளையும் எடுத்துப் போடுகிறார். உலகம் இரண்டாகப் பிளந்து கிடக்கும் காலத்தில் மனம் முழுமையைத் தேடுகிறது, அந்தத் தேடலின் வட்டம் வானத்தில் விழுகிறது என்பது அவருடைய கட்சி. ஏன் இந்த வடிவம், ஏன் இந்த வேளை என்ற கேள்வியைக் கேட்டதற்காக அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் வட்டம் மனசில் மட்டும் இல்லை. பனிப்படிகத்தின் கோணத்திலும் இருக்கிறது. 22 பாகைப் பரிவேடம் எந்த மண்டலத்தையும்விடச் சுத்தமான வட்டம், அதைக் கனவு காணப் பிளவுபட்ட மனம் தேவையில்லை. கனவுகளுக்கும் ஓவியங்களுக்கும் பக்கம் பக்கமாக ஒதுக்கிய யுங், மேகத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். நம்மிடையே யுங்கை எடுத்தாளுகிறவர்களிடமும் இந்தக் குணத்தைப் பார்க்கிறேன். உள்ளே இறங்குகிற அவசரத்தில் வெளியே இருப்பதை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நம் பக்கத்தில் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. ஆறாம் நூற்றாண்டு வராஹமிஹிரரின் பிருஹத் சம்ஹிதையில் பரிவேஷத்துக்குத் தனி அத்தியாயம், எரிகொள்ளிக்குத் தனி, பொய்ச்சூரியனுக்குப் ‘பிரதிசூரியன்’ என்று தனி. எந்தப் பக்கம் தோன்றினால் மழை, எந்தப் பக்கம் தோன்றினால் காற்று, எங்கே தோன்றினால் அரசனுக்குக் கேடு என்று பட்டியல் போகிறது. ஸ்டாக்ஹோம் அரண்மனைக்கு அந்தப் பட்டியல் அந்நியமாகப் பட்டிருக்காது. தமிழில் பரிவேடம் உண்டு, ஊர்கோள் உண்டு. கிராமத்தில் இது எதுவும் வேண்டாம், ‘நிலா கோட்டை கட்டியிருக்கு’ என்றால் போதும். அகல் வட்டம் பகல் மழை என்கிறான் விவசாயி. அகன்ற வட்டத்தைக் காட்டும் உயர்ந்த மெல்லிய மேகம் பல சமயம் மழை மேகத்துக்கு முன்னால் வருவதுதான். ஸ்வீடன் மொழியில் பொய்ச்சூரியனுக்கு வழங்கும் பெயரும் ‘வானிலைச் சூரியன்’ என்றே பொருள்படும். விவசாயியின் வாசிப்பு நாளைக்கே சரிபார்க்கப்பட்டுவிடும். மழை வரும், அல்லது வராது. அரசனின் கேட்டை யார் எப்போது சரிபார்ப்பது?

வளையங்கள் எப்போதோ வருகிறவை. வெள்ளிக் கிரகம் அப்படியல்ல. ஆண்டுதோறும் மாதக்கணக்கில், மாலையிலோ விடியலிலோ, வானத்தில் நின்று எரிகிறது. சூரிய சந்திரருக்கு அடுத்தபடி நிலையாகத் தெரியும் பெரிய வெளிச்சம் அதுதான். அதைப்போல் ஊர் ஊராகப் பெயர் மாற்றிக்கொண்ட வேறொன்று இல்லை. 1896 நவம்பரில் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் இரவு வானில் விளக்கோடு ஓர் ஆகாயக் கப்பல் போவதாகச் செய்தி பரவியது. அடுத்த வசந்தத்துக்குள் அமெரிக்காவின் நடு மாநிலங்கள் முழுக்க ஆகாயக் கப்பல்கள். அந்த மாதங்களில் வெள்ளி மாலை வானத்தில் பிரகாசித்துக்கொண்டிருந்தது. பத்திரிகைகளின் கட்டுக்கதைகளும் ஏராளம், எல்லாவற்றையும் வெள்ளியின் தலையில் கட்ட முடியாது. ஆனால் மேற்கே ஒரு வெளிச்சம் என்று மட்டும் இருந்தவற்றில் பலவற்றை வெள்ளியோடு பொருத்த முடிகிறது. அது கண்டுபிடிப்பாளர்களின் யுகம். ஆகவே வெளிச்சத்துக்குப் பின்னால் ரகசியமாக வேலை செய்யும் ஒரு கண்டுபிடிப்பாளன் இருந்தாக வேண்டும். எடிஸனே தனக்குச் சம்பந்தமில்லை என்று மறுப்புவிட வேண்டிவந்தது. 1909-ல் இங்கிலாந்தில் இரவு வெளிச்சங்கள் ஜெர்மானிய உளவுக் கப்பல்கள். 1947-க்குப் பிறகு தட்டுகள்.

வெளிச்சத்துக்கு உடம்பு எப்படி வருகிறது என்பதற்கு ஒரு உதாரணம். 1948 ஜூலை 24 பின்னிரவு, அலபாமா மேல் பறந்துகொண்டிருந்த பயணிகள் விமானத்தின் இரண்டு விமானிகளும் எதிரே ஒன்று பாய்ந்து கடந்ததைக் கண்டார்கள். இறக்கையில்லாத நீள உருளை, இரண்டு வரிசை ஜன்னல்கள், வாலில் நெருப்பு. அனுபவசாலிகள். எரிகல்தான் என்று வானியலாளர்கள் சொன்னதை அவர்களால் ஏற்க முடியவில்லை. அவர்களுக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ இருபது வருஷம் கழித்து இன்னொரு இரவு கிடைத்தது. 1968 மார்ச் 3 அன்று சோவியத் ராக்கெட் ஒன்றின் சிதைவுகள் அமெரிக்காவின் கிழக்குப் பகுதி வானில் எரிந்துகொண்டே போயின. இது இயற்கை அல்ல, ஆனால் இன்னது என்று சந்தேகமில்லாமல் தெரிந்த ஒன்று. பலர் எரியும் துண்டுகளைத் துண்டுகளாகவே கண்டு அப்படியே சொன்னார்கள். சிலர் மட்டும் நீண்ட ஓர் உடலையும் அதில் வரிசையாக வெளிச்சமான ஜன்னல்களையும் கண்டார்கள். இருட்டில் வரிசையாகப் போகும் சில புள்ளிகளுக்கு இடையே இருந்த வெறும் வெளியை அவர்கள் கண் தகரமாக அடைத்துவிட்டது.

விளக்குகிறவர்கள் பக்கம் எல்லாம் சரி என்று இதை வாசித்துவிடக் கூடாது. 1966 மார்ச்சில் மிச்சிகனில், டெக்ஸ்டர் என்ற ஊரின் சதுப்பில் ஒரு வெளிச்சம். மறுநாள் ஹில்ஸ்டேல் கல்லூரி விடுதியிலிருந்து 87 மாணவிகள் இன்னொன்றைப் பார்த்தார்கள். விமானப்படையின் வானியல் ஆலோசகர் ஆலன் ஹைனெக் சில நாள் சுற்றிவிட்டு, மார்ச் 25 அன்று டெட்ராய்ட்டில் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, சதுப்பு வாயுவாக இருக்கலாம் என்றார். இருக்கலாம் என்பதும், இந்த இரண்டு இடத்துக்கு மட்டும் என்பதும் காற்றில் போயின. நாடே சிரித்தது. மிச்சிகன் பிரதிநிதியாக இருந்த ஜெரால்ட் ஃபோர்டு நாடாளுமன்ற விசாரணை கேட்டார். அதன் தொடர்ச்சியாகக் கொலராடோ பல்கலைக்கழகத்தில் காண்டன் தலைமையில் ஆய்வு அமைந்தது. அதன் அறிக்கை 1969-ல் வெளிவந்தது. அதே வருஷக் கடைசியில் விமானப்படை கடையைக் கட்டியது.

சதுப்பில் எரிந்து நகரும் வெளிச்சத்துக்கு நம் ஊரில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பெயர். அழுகும் தாவரத்திலிருந்து கிளம்பும் வாயு என்பது பள்ளிப் பாடம். ஆனால் ‘கொள்ளிவாய்ப் பிசாசு’ என்று சொன்னவன் அது நகர்வதையும் விட்டு விட்டு எரிவதையும் பெயரிலேயே வைத்திருக்கிறான். வாய் திறந்தால் நெருப்பு, மூடினால் இருட்டு. ‘சதுப்பு வாயு’ என்றவருக்கோ அன்றிரவு அந்தச் சதுப்பில் அது எரிந்ததற்கு நேரடித் தடயம் எதுவும் கையில் இல்லை. சாட்சிகளுக்கு அவர் கொடுத்தது பதில் இல்லை, மாற்றுப் பெயர். அந்த மாணவிகள் அவமானப்பட்டதில் நியாயம் இருக்கிறது. ஹைனெக் பிற்பாடு மறுதரப்புக்கு நெருங்கிப்போய், 1973-ல் தனி ஆய்வு மையம் வைத்தார். அந்த மையத்தில் ஆலன் ஹென்ட்ரி என்பவர் 1,300 சொச்சம் புகார்களை ஒவ்வொன்றாகச் சாட்சியிடமே பேசித் தீர விசாரித்து 1979-ல் நூலாக்கினார். பெரும்பாலானவை நட்சத்திரம், கிரகம், விளம்பர விமானம் என்று முடிந்தன. முடிவு பழையதுதான். ஆனால் இந்த முறை யாரும் சாட்சியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவர் நின்ற இடம், பார்த்த திசை, எத்தனை நேரம், எப்படி மறைந்தது என்று கேட்டார்கள். இந்த வித்தியாசத்தைச் சிறிதென்று நான் நினைக்கவில்லை.

நமக்கு மிக அருகில் நடந்தது கடைசியாக. 2012 ஆகஸ்டிலிருந்து 2013 பிப்ரவரி வரை, லடாக்கில் பாங்காங் ஏரிப் பகுதியில் காவல் இருந்த இந்தியச் சிப்பாய்கள், சீன எல்லைப் பக்கம் அடையாளம் தெரியாத வெளிச்சங்களைக் கண்டு பதிவேட்டில் குறித்தார்கள். மொத்தம் 329 பதிவுகள். எல்லைக் கோட்டைத் தாண்டியதாக 155 தடவை. ஒன்று மாலையில் வந்து இரவெல்லாம் நின்றது. மற்றது விடியலில் எழுந்தது. ஆளில்லாத சீன உளவு விமானங்கள் என்ற சந்தேகம். ராடாரில் எதுவும் விழவில்லை. 1962-ஐ மறக்காத ஒரு படை, நாலாயிரம் மீட்டருக்கு மேல், தூசியில்லாத மெல்லிய காற்று, சமவெளியில் பார்த்தறியாத அளவுக்குக் கூர்மையான வெளிச்சங்கள். அங்கே நிற்கிறவன் ‘அழகான நட்சத்திரம்’ என்று நினைத்துக்கொண்டு போர்வையை இழுத்துக்கொள்ள முடியாது. அவனுக்கு அதற்குச் சம்பளம் இல்லை.

பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தைக் கேட்டார்கள். நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய சென்னை வானாய்வகத்தின் வாரிசு அது, கொடைக்கானல் வழியாக வந்தது. 1874-ல் வெள்ளி சூரியனைக் கடக்கப்போவதை முன்னதாகவே விளக்கி, ஒரு பண்டிதரும் ஒரு சித்தாந்தியும் உரையாடுவதாக நூல் எழுதிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி வேலை பார்த்த இடம் அந்த வானாய்வகம். நூற்று முப்பத்தெட்டு வருஷம் கழித்து அதே வெள்ளி கோப்பாகி அதே வழிவந்தவர்களிடம் வந்து சேர்ந்தது. வானியலாளர்கள் சிப்பாய்களின் குறிப்புகளைக் கிரகங்களின் இருப்போடு வைத்துப் பார்த்தார்கள். மாலையில் வந்தது வியாழன். விடியலில் வந்தது வெள்ளி.

2013 ஜூலையில் செய்தி வெளியானபோது எல்லோரும் சிரித்தார்கள். கிரகத்தை வேவு பார்த்த ராணுவம் என்று கேலிச்சித்திரத்துக்கு நல்ல விஷயம். எனக்கு அந்தப் பதிவேட்டின்மேல் மரியாதை. குளிரில், பயத்தில், ஆறு மாதம், தினமும் வந்த ஒன்றைத் தினமும் வந்ததாகவே எழுதியிருக்கிறார்கள். ஜன்னல் வைக்கவில்லை, வால் ஒட்டவில்லை, சண்டை மூட்டவில்லை. பெயர் தவறு. ஆனால் அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் பெயரையே திருத்த முடிந்தது. நூர்ன்பெர்க் தாளை எந்த வானியலாளரிடம் கொடுத்தாலும் இது நடக்காது.

பதிவேடு பிப்ரவரியோடு நிற்கிறது. வெள்ளி அப்போது விடியல் வெளிச்சத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மார்ச் கடைசியில் சூரியனுக்கு அப்புறம் போயிற்று. ஏப்ரலில் தெப்ஸாங் சமவெளியில் சீனச் சிப்பாய்கள் உண்மையாகவே கூடாரம் அடித்தார்கள், மூன்று வாரம் இருந்துவிட்டுக் கலைந்தார்கள். மே மாதக் கடைசியில், அஸ்தமனத்துக்குப் பிறகு, அந்த இரண்டு உளவு விமானங்களும் மேற்கு அடிவானத்தில் அருகருகே வந்து நின்றன. புதனும் கூட இருந்தது.